கிறித்தவ இறையியல் கலைச்சொற்கள்: சொல்லும் சொற்குடும்பமும்

1. முன்னுரை

சமயக் கலைச்சொற்களின் தமிழாக்கம் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் தனிச்சொற்களையே அலகாகக் கொண்டு அமைந்துள்ளன. ஒரு மூலச்சொல்லுக்கு எந்தக் காலத்தில் யார் எந்தத் தமிழ்ச்சொல்லை வழங்கினர், அச்சொல் வடசொல்லா தென்சொல்லா, அது சைவ வைணவ மரபுகளிலிருந்து பெறப்பட்டதா என்னும் வினாக்களே அவற்றில் முதன்மை பெறுகின்றன. பரம்பொருளைக் குறிக்கத் தம்பிரான், சருவேசுரன், பராபரன், தேவன், கடவுள் எனச் சொற்கள் மாறி வந்த வரலாறு இவ்வகையில் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. பிரோர் டிலியாண்டர் 1974இல் வெளியிட்ட ஆய்வும், ஹெப்சிபா இஸ்ரேல் 2011இல் வெளியிட்ட நூலும் இத்துறையில் குறிப்பிடத்தக்கன.

ஆயினும் இறையியல் சொல் எதுவும் தனித்து இயங்குவதில்லை. அது ஒரே வேரினின்று கிளைத்த பெயர், வினை, அடை ஆகியவற்றோடு ஒரு குடும்பமாக நிற்கிறது. தனக்கு எதிரான சொல்லாலும் பொருள் பெறுகிறது. மூலநூலாசிரியர்கள் தம் வாதத்தைக் கட்டுவது இக்குடும்ப உறவுகளின் மீதுதான். எனவே ஒரு சொல்லுக்கு நேரான தமிழ்ச்சொல் பொருத்தமாக அமைந்திருப்பினும், குடும்பம் சிதறிவிடின் வாதம் சிதறிவிடும். இக்கருத்தை அளவுகோலாகக் கொண்டு, தமிழ்க் கிறித்தவர்களிடையே இன்று வழங்கும் இரு விவிலிய மொழிபெயர்ப்புகள் இங்கு ஒப்பிடப்படுகின்றன. ஒன்று, 1871இல் முழுமையாக வெளிவந்து சீர்திருத்தத் திருச்சபைகளில் நிலைபெற்றுவிட்ட ஐக்கியத் திருப்புதல். மற்றொன்று, கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையினரும் இணைந்து உருவாக்கி 1995இல் 'திருவிவிலியம்' என்னும் பெயரில் வெளியிட்ட பொதுமொழிபெயர்ப்பு.

2. ஒலிபெயர்ப்பிலிருந்து சொல்லாக்கத்திற்கு

என்றிக்கே என்றிக்கசு 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' முதலாகத் தமிழ்க் கிறித்தவ உரைநடை இரு வழிகளையும் முயன்று பார்த்துள்ளது. தூய ஆவியைக் குறிக்கப் போர்த்துகீசிய வழியில் வந்த 'இஸ்பிரீத்து சாந்து' என்னும் ஒலிபெயர்ப்பு கத்தோலிக்க வேண்டுதல்களில் இருபதாம் நூற்றாண்டு வரை வழங்கியது. பொருள் பிறழாமல் காப்பதே ஒலிபெயர்ப்பின் நோக்கம். ஆனால் அது பொருள் தராமலேயே நின்றுவிடுவதும் உண்டு. திருப்பலியைக் குறித்த போர்த்துகீசியச் சொல் 'மீசை' எனத் தமிழில் ஒலித்தது இதற்கு நன்கறியப்பட்ட சான்று. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி 'பூசை', 'குரு', 'அருள்', 'ஞானஸ்நானம்' போன்ற சொற்களை எடுத்தாண்டதன் வாயிலாகக் கிறித்தவச் சொற்கள் தமிழ்ச் சமய மொழியின் வலைக்குள் நுழைந்தன.

இந்நுழைவின் பயனும் இடரும் ஒன்றே. ஏற்கெனவே சமயப்பொருள் பெற்ற சொல் தன் பழைய உறவுகளையும் உடன் கொண்டுவருகிறது. இரு மொழிபெயர்ப்புகளும் மாற்றாமல் வைத்துக்கொண்ட 'பாவம்' என்னும் சொல்லே இதற்குச் சான்றாகும். தமிழில் பாவத்திற்கு எதிர்ச்சொல் புண்ணியம். ஒன்றைக் குறைத்து மற்றொன்றைச் சேர்க்கலாம் என்னும் கணக்கு அவ்விணையில் உள்ளது. பவுலின் திருமுகங்களில் பாவத்திற்கு எதிரே நிற்பது புண்ணியம் அன்று, இறைவனின் கொடை. சொல் ஒன்றாயினும் அதன் இணை வேறு. இவ்வேறுபாட்டை ஒருசொல்லுக்கு ஒருசொல் என நேர்நிகர் தரும் கலைச்சொல் பட்டியல் எதுவும் புலப்படுத்துவதில்லை.

3. 'நம்பிக்கை'யின் இடப்பெயர்ச்சி

இரு மொழிபெயர்ப்புகளுக்கும் இடையே நிகழ்ந்த மிகப்பெரிய மாற்றம் கடவுட்பெயரில் இல்லை. 'நம்பிக்கை' என்னும் எளிய சொல்லில் உள்ளது. கிரேக்கத்தில் 'பிஸ்திஸ்', 'எல்பிஸ்' என்பன இரு வேறு சொற்கள். முன்னது ஒருவரைப் பற்றிக்கொண்டு சார்ந்திருத்தல். பின்னது வரவிருப்பதை நோக்கிக் காத்திருத்தல். ஐக்கியத் திருப்புதல் முன்னதை 'விசுவாசம்' என்றும் பின்னதை 'நம்பிக்கை' என்றும் பெயர்த்தது. கத்தோலிக்க மரபும் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்றே மூன்று இறைப்பண்புகளை வழங்கி வந்தது. பொதுமொழிபெயர்ப்பு 'பிஸ்திஸ்' என்பதற்கு 'நம்பிக்கை' என்றும், 'எல்பிஸ்' என்பதற்கு 'எதிர்நோக்கு' என்றும் சொல் வகுத்தது. இதனால் கொரிந்தியர் முதல் திருமுகத்தின் 13ஆம் அதிகார இறுதியில் வரும் மூன்றன் வரிசையில், பழைய நூலில் இரண்டாவதாக நிற்கும் சொல் புதிய நூலில் முதலாவதாக நிற்கிறது. சொல் மாறவில்லை, அது குறிக்கும் பொருள் மாறிவிட்டது.

இம்மாற்றத்திற்கு மொழியியல் நியாயம் இல்லாமல் இல்லை. தொல்காப்பிய உரியியல் 'நம்பு' என்பதற்கு நசை, அதாவது விருப்பம், எனப் பொருள் தருகிறது. இன்றைய வழக்கில் அச்சொல் இரு தொடரமைப்புகளில் வருகிறது. 'மழை பெய்யும் என்ற நம்பிக்கை' என வினைமுற்றுத் தொடரைத் தழுவி வரும்போது அது எதிர்பார்ப்பைக் குறிக்கிறது. 'அவர்மீது நம்பிக்கை' என இடப்பொருள் உருபேற்ற பெயரைத் தழுவி வரும்போது சார்ந்திருத்தலைக் குறிக்கிறது. ஆக, ஐக்கியத் திருப்புதல் முதல் அமைப்பின் பொருளையும், பொதுமொழிபெயர்ப்பு இரண்டாம் அமைப்பின் பொருளையும் கலைச்சொல்லாக உயர்த்தியுள்ளன. இரண்டும் தமிழுக்கு அயலானவை அல்ல.

'விசுவாசம்' பொதுவழக்கில் நன்றியுணர்வையும் தலைவனிடம் மாறாத பற்றையும் குறிக்கிறது. இதனை அச்சொல்லின் குறையாகக் கருதுவோர் உளர். ஆனால் கிரேக்கச் சொல்லும் நம்புதல், நம்பத்தக்கவராய் உண்மையோடிருத்தல் என்னும் இரு பொருளையும் உடையது. பவுல் கிறித்துவையும் 'பிஸ்திஸ்' என்பதையும் வேற்றுமைத் தொடராக இணைக்கும் இடங்களில் பேசப்படுவது கிறித்துவின்மீது மனிதர் கொள்ளும் நம்பிக்கையா, கிறித்து காட்டிய உண்மைப்பற்றா என்னும் விவாதம், ரிச்சர்டு ஹேய்ஸ் 1983இல் வெளியிட்ட நூலுக்குப் பின் வலுப்பெற்றது. 'விசுவாசம்' இவ்விரண்டையும் தாங்கவல்லது. எனினும் ஐக்கியத் திருப்புதலே அவ்வாய்ப்பைப் பயன்படுத்தவில்லை. கலாத்தியர் 2:16 முதலிய இடங்களில் 'பற்றும்' என்னும் பெயரெச்சத்தைச் சேர்த்து முதற்பொருளை மட்டும் உறுதிப்படுத்திவிட்டது. 'நம்பிக்கை' என்பதோ இரண்டாம் பொருளை ஏற்பதற்கே இடம் தருவதில்லை. 'அவருடைய நம்பிக்கை' என்பது அவர் பிறர்மீது கொண்ட நம்பிக்கையாகுமேயன்றி, அவர் நம்பத்தக்கவர் என்பதைக் காட்டாது.

'எதிர்நோக்கு' என்னும் ஆக்கச்சொல் மற்றொரு சிக்கலைத் தருகிறது. வினையாக வழங்குங்கால் அது நன்மையையும் தீமையையும் ஒப்ப ஏற்கிறது. 'நாடு நெருக்கடியை எதிர்நோக்குகிறது' என்பது நாளிதழ்த் தமிழ். கிரேக்கச் சொல் விவிலியத்தில் பெற்றுள்ள நன்மைசார்ந்த உறுதிப்பாடு இதில் இயல்பாக இல்லை. பயன்பாட்டால்தான் ஊட்டப்பட வேண்டும். எனினும் இதனால் ஒரு நன்மையும் விளைந்துள்ளது. எபிரேயர் 11ஆம் அதிகாரத் தொடக்கத்தில் இரு கிரேக்கச் சொற்குடும்பங்களும் ஒரே வாக்கியத்தில் சந்திக்கின்றன. அங்கு ஐக்கியத் திருப்புதல் 'நம்பு' என்னும் வினையை 'எல்பிஸ்' குடும்பத்திற்கு ஆண்டதால், விசுவாசத்தை நம்புதலால் விளக்குவது போன்ற மயக்கம் தோன்றுகிறது. பொதுமொழிபெயர்ப்பில் இரு குடும்பங்களும் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன.

4. 'நீதி' குடும்பமும் அதன் பிரிவினையும்

'திக்கையோஸ்', 'திக்கையோசுனே', 'திக்கையோ' என்பன கிரேக்கத்தில் ஒரே வேரினின்று பிறந்த அடை, பெயர், வினை. உரோமையர் திருமுகத்தின் மைய வாதம் இம்மூன்றின் உறவில் அமைந்துள்ளது. ஐக்கியத் திருப்புதல் இவற்றை நீதிமான், நீதி, நீதிமானாக்குதல் என ஒரே அடியினின்று ஆக்கியது. பொதுமொழிபெயர்ப்பு இடம் நோக்கிச் சொல் தெரிந்தது. மத்தேயு முதல் அதிகாரத்தில் யோசேப்பு 'நேர்மையாளர்'. ஐந்தாம் அதிகாரத்தில் துன்புறுத்தப்படுவோர் துன்புறுவது 'நீதி'யின் பொருட்டு. ஆறாம் அதிகாரத்தில் நாடவேண்டியவை இறைவனுக்கு 'ஏற்புடையவை'. ஒரே நற்செய்தி நூலில், ஆறு அதிகாரங்களுக்குள், ஒரு குடும்பம் மூன்றாகப் பிரிந்துள்ளது.

இடத்திற்கேற்பச் சொல் வேறுபடுதல் மொழிபெயர்ப்பில் இயல்பே. ஒரு மூலச்சொல்லுக்கு எங்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தவேண்டும் என்பது ஏற்கத்தக்க விதியன்று. 'நீதிமான்' என்னும் சொல் இன்றைய வாசகருக்கு நீதிமன்ற நடுவரை நினைவூட்டலாம். யோசேப்பை 'நேர்மையாளர்' என்றது அவ்வகையில் தெளிவு தருகிறது. ஆனால் மூலநூலாசிரியர் வேண்டுமென்றே சொல்லை மீட்டும் ஆளும் இடங்களில் பிரிவினை இழப்பாகிறது.

லூக்கா 18ஆம் அதிகாரத்தில் வரும் பரிசேயர், வரிதண்டுபவர் உவமையை இங்கு எடுத்துக்காட்டலாம். தம்மைத் 'திக்கையோஸ்' என்று தாமே நம்பியவர்களை முன்னிட்டு அவ்வுவமை தொடங்குகிறது. இறுதியில் வரிதண்டுபவரே 'திக்கையோ' என்னும் வினையின் செயப்பாட்டு வடிவைப் பெற்று வீடு திரும்புகிறார். தாமே தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர், அதனைக் கோராத ஒருவருக்கு இறைவனால் வழங்கப்படுகிறது என்பதே உவமையின் முரண். ஐக்கியத் திருப்புதலில் தொடக்கத்தில் 'நீதிமான்கள்', முடிவில் 'நீதிமானாக்கப்பட்டவன்' என வருவதால் இம்முரண் காதிலேயே கேட்கிறது. பொதுமொழிபெயர்ப்பில் தொடக்கத்தில் 'நேர்மையானவர்', முடிவில் 'ஏற்புடையவர்' என வருகின்றன. இரு தொடர்களும் தனித்தனியே நல்ல தமிழ். ஆனால் முதலாவது இரண்டாவதற்கு விடையாகும் தொடர்பு அறுந்துவிட்டது.

இப்பிரச்சினை உவமையோடு முடிவதில்லை. மார்ட்டின் லூத்தர் 1545இல் தம் இலத்தீன் நூல்தொகுப்பிற்கு எழுதிய முன்னுரையில், உரோமையர் 1:17இல் வரும் இறைவனின் நீதி என்னும் தொடரைத் தாம் வெறுத்ததாகவும், அது தண்டிக்கும் நீதி எனத் தாம் கொண்டதே காரணம் என்றும், அது இறைவன் வழங்கும் கொடை எனக் கண்ட பின்னரே தெளிவு பெற்றதாகவும் கூறுகிறார். அவருடைய சிக்கல், ஒரே சொல் தண்டனைக்கும் கொடைக்கும் பொதுவாய் நின்றதால் எழுந்தது. ஐக்கியத் திருப்புதலில் 'தேவநீதி' என்பதைப் படிக்கும் தமிழ் வாசகர் அதே சிக்கலை எதிர்கொள்கிறார். 'கடவுள் தமக்கு ஏற்புடையவராக்குதல்' என்னும் தொடரைப் படிப்பவருக்கு அச்சிக்கல் எழுவதே இல்லை. அவர் லூத்தர் கண்ட விடையைப் பெறுகிறார், வினாவைப் பெறுவதில்லை. மொழிபெயர்ப்பு விளக்கவுரையின் பணியை மேற்கொண்டுவிட்டது எனலாம்.

1999 அக்டோபர் 31ஆம் நாள் ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் இக்கோட்பாடு குறித்த கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அக்கூட்டமைப்பின் உறுப்பு. நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நீடித்த பிளவை அணுகிய அவ்வறிக்கையைத் தமிழில் பேசப் புகுவோர்முன், 'விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல்', 'நம்பிக்கையால் ஏற்புடையவராதல்' என ஒரு சொல்கூடப் பொதுவாக இல்லாத இரு தொடர்கள் நிற்கின்றன. இரண்டும் ஒன்றையே குறிக்கின்றன என்பதை அறியாதவர், அங்கு இல்லாத வேறுபாட்டைக் காண நேரும்.

5. கிருபையும் அருளும்

'காரிஸ்' என்பதற்குப் பழைய நூல் 'கிருபை' என்றும், புதிய நூல் 'அருள்' என்றும் பெயர்த்தன. இங்குக் குடும்பத்தைக் காத்தலில் பின்னதே மேம்பட்டு நிற்கிறது. 'காரிஸ்' என்பதினின்று பிறந்த 'காரிஸ்மா' பழைய நூலில் ஓரிடத்தில் 'கிருபைவரம்' என்றும், பிறிதோரிடத்தில் 'வரம்' என்றும் வருகிறது. புதிய நூல் 'அருள்கொடை' என ஒரே ஆக்கத்தால் வேரையும் கிளையையும் இணைத்துள்ளது. மேலும் 'அருள்' பெயராகவும் வினையடியாகவும் இயங்கவல்லது. 'கிருபை' வினையாக வேண்டின் 'செய்', 'கூர்' போன்ற துணைவினைகளை நாடவேண்டியுள்ளது.

எனினும் 'அருள்' வெறுமையாக வந்த சொல் அன்று. சைவ சித்தாந்தத்தில் அருள் என்பது சிவனின் சத்தியே. முதலில் மறைத்து நின்று உயிரைப் பக்குவப்படுத்தி, இருவினையொப்பும் மலபரிபாகமும் வாய்த்த பின் சத்திநிபாதமாகப் பதிவது அது. உமாபதி சிவாசாரியர் இயற்றிய திருவருட்பயன் இக்கோட்பாட்டைக் குறள் வெண்பாக்களில் வகுத்துரைக்கிறது. பக்குவத்தை நோக்கிப் பதியும் அருளும், தகுதியற்ற நிலையிலேயே வழங்கப்படுவதாகப் பவுல் கூறும் 'காரிஸ்' என்பதும் கோட்பாட்டளவில் ஒன்றல்ல. பெயர் ஒன்றானதால் இவ்வேறுபாடு மறைந்துபோகக் கூடாது. சமய ஒப்பீட்டில் ஈடுபடுவோர் இதனைச் சிறப்பாகக் கருத்திற்கொள்ள வேண்டும்.

எதிர்ச்சொல்லின் நிலையும் காணத்தக்கது. பழைய நூல் 'கிருபை'க்கு எதிரே 'கிரியை'யை நிறுத்தியது. ஒலியளவில் அமைந்த அவ்விணை மனத்தில் எளிதில் பதிகிறது. ஆயின் சைவ மரபில் கிரியை, சரியை கிரியை யோகம் ஞானம் என்னும் நால்வகை நெறிகளுள் இரண்டாவது. வழிபாட்டுச் செயலைக் குறிப்பது. பவுல் பேசும் திருச்சட்டச் செயல்களோடு அது ஓரளவே பொருந்தும். புதிய நூல் 'செயல்கள்' என்றதால் இம்மயக்கம் நீங்கியது. இணையின் கூர்மையும் நீங்கியது.

6. தேவன், கடவுள், வாக்கு

'கடவுள்' என்பது சமயச் சார்பு குறைந்த பொதுச்சொல் என்பதால் பலராலும் விரும்பப்படுகிறது. 'தேவன்' பலருள் ஒருவனாகிய சிறுதெய்வத்தைக் குறிக்கும் என்பது பழைய குற்றச்சாட்டு. ஆனால் கிரேக்கத் 'தெயோஸ்' என்பதும் பன்மை பெறும் பொதுப்பெயரே. யோவான் 10ஆம் அதிகாரத்தில், தம்மைக் கடவுளாக்கிக்கொண்டார் என்னும் குற்றச்சாட்டிற்கு இயேசு, மனிதரையே அச்சொல்லின் பன்மையால் அழைக்கும் திருப்பாடலை எடுத்துக்காட்டி விடையிறுக்கிறார். விடையின் ஆற்றல் முழுவதும் ஒருமையும் பன்மையும் ஒரே சொல்லாக இருப்பதில் உள்ளது. தேவன், தேவர்கள் என்னும் இணையில் அது நிலைக்கிறது. 'கடவுள்' எளிதில் பன்மை ஏலாமையால் புதிய நூல் 'தெய்வங்கள்' என மாற நேர்ந்தது. விடை குற்றச்சாட்டை நேரே தொடவில்லை.

'லோகோஸ்' என்பதற்கு 'வார்த்தை' வழங்கிய இடத்தில் புதிய நூல் 'வாக்கு' என்றது. தூய தமிழ்ச் சொற்களை நாடியதாகப் பலரும் கருதும் மொழிபெயர்ப்பு இங்கு ஒரு வடசொல்லுக்கு மாற்றாக மற்றொரு வடசொல்லையே தெரிந்துள்ளது. ஆகவே சொற்பிறப்பு மட்டுமே அதன் அளவுகோல் அன்று என்பது தெளிவு. வாக்கு தத்துவ நிலையில் செறிவு மிக்கது. சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என அதன் நால்வகை நிலைகளைத் தமிழ்ச் சைவம் பேசுகிறது. இவ்வாய்ப்பு போற்றத்தக்கது. ஆனால் அச்சொல்லைத் தொடர்ந்து வரும் 'சார்க்ஸ்' என்பதன் நிலை வேறு. பழைய நூல் அதனைப் பெரும்பாலும் 'மாம்சம்' என்றது. அது இன்று இறைச்சியை நினைவூட்டுகிறது. புதிய நூல் திருமுகங்களில் 'ஊனியல்பு' எனச் சிறந்த ஆக்கத்தைத் தந்தது. ஆனால் யோவான் முதல் அதிகாரத்தில் 'மனிதர்' என மாற்றியது. பவுல் இழிவாகப் பேசும் அதே ஊனை இறைவாக்கு ஏற்றது என்பதே அவ்விடத்தின் அதிர்ச்சி. 'ஊன்' என்னும் சொல் கைவசம் இருந்தும் அங்கு அது ஆளப்படவில்லை.

7. முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் இரு மொழிபெயர்ப்புகளுள் ஒன்றே சிறந்தது என்னும் முடிவு பெறப்படவில்லை. நீதி, தேவன் என்னும் குடும்பங்களைப் பழைய நூலும், அருட்குடும்பத்தைப் புதிய நூலும் காத்துள்ளன. நம்பிக்கைக் குடும்பத்தில் ஒன்றின் ஆதாயம் மற்றொன்றின் இழப்பாக உள்ளது. பெறப்படுவது முறை பற்றிய முடிவே. வடசொல்லா தென்சொல்லா என்னும் வினாவினும், பழமையா எளிமையா என்னும் வினாவினும், சொற்குடும்பம் நிலைத்ததா என்னும் வினாவே இறையியல் மொழிபெயர்ப்பை மதிப்பிட மிகுதியும் பயன்படுகிறது.

இதனால் கலைச்சொல் அகராதி தொகுப்போர் மேற்கொள்ளவேண்டிய பணிகளும் தெளிவாகின்றன. ஒவ்வொரு பதிவிலும் நேர்நிகர்ச் சொல்லோடு அதன் வினை, அடை வடிவங்களும், எதிர்ச்சொல்லும், தமிழின் பிற சமய மரபுகளில் அச்சொல்லுக்குள்ள பொருளும் இடம்பெற வேண்டும். 'நம்பிக்கை' போன்று இரு மரபுகளில் இரு பொருள்பட வழங்கும் சொற்களுக்குத் தனி எச்சரிக்கைக் குறிப்பு இன்றியமையாதது. மொழிபெயர்ப்பாளர் மூலச்சொல் மீண்டும் மீண்டும் ஆளப்பட்டு வாதமாகும் இடங்களை முதலில் குறித்துக்கொண்டு, அவ்விடங்களிலேனும் ஒரே வேரைக் காத்தல் நன்று. பிற இடங்களில் சூழலுக்கேற்பச் சொல் வேறுபடுதல் தவறாகாது. ஒரே தெருவில் இரு ஆலயங்களில் ஒரே பகுதி இரு வேறு சொற்களால் வாசிக்கப்படும் இந்நாளில், கேட்போர் இரண்டையும் ஒன்றாக உணர்வதற்கு வேண்டிய பாலத்தை மொழியியலாரே கட்டித்தர இயலும்.